பழைய வண்டி விவகாரம்

டெட்ராயிட் நகரத்துக்கு அருகிலிருந்து,
பங்குனி மாதம்.

மகாகனம் பொருந்திய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் தங்கள் குமாரத்தியும் குழந்தைகளும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கும், அத்தையின் முழங்கால் வலி இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்பதற்கும் பதில் எழுத வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே பேசுவதற்கு வசதி ஏற்பட்டிருக்கிற இந்தக் காலத்தில், இவன் எதற்காகத் தாளும் பேனாவும் தேடி எடுத்து, தபாலாபீசு வரைக்கும் நடந்துபோய், இரண்டு வாரமோ மூன்று வாரமோ கழித்து வந்து சேரும்படியாக ஒரு கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் ஆச்சரியப்படுவது நியாயம். போனில் சொல்லக்கூடிய சமாசாரமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். நாம் பேசும்போது தங்கள் குமாரத்தி சமையலறையில் இருந்தாலும், நமது சம்பாஷணையில் ‘லாரி’ என்றோ ‘டயர்’ என்றோ ஒரு சொல் விழுந்த க்ஷணத்தில் கரண்டியும் கையுமாக வந்து நின்றுவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், தாங்கள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பரமத்தி வேலூர்ப் பெரியம்மா அதைப் படித்து முடித்து, ஜில்லாவிலுள்ள சகல பந்துக்களுக்கும் அனுப்பிவிட்டிருப்பார். ஆகவேதான் இந்தப் பழைய மார்க்கம்.

விஷயம் இதுதான். நான் ஒரு பிக்அப் வண்டி வாங்க உத்தேசித்திருக்கிறேன். புதிது அல்ல. 2007-ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-150; வெள்ளை நிறம்; மீட்டரில் 2,12,000 மைல் காட்டுகிறது. நம் கணக்கில் ஏறக்குறைய 3,41,000 கிலோமீட்டர். தங்கள் டெல்லி லைன் லாரி மூன்று நான்கு வருஷத்தில் ஓடித் தீர்த்துவிட்டு, ‘இப்போதுதான் எஞ்சின் பதமாகியிருக்கிறது’ என்று தங்கள் வாயால் சர்டிபிகேட் வாங்குகிற தூரம் அது. ஆனால் இந்த ஊரில் அந்த எண்ணைச் சொன்னதும், கேட்பவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவருடைய பாவனை தோன்றிவிடுகிறது.

பிக்அப் என்றதும் நம் ஊர்க் குட்டி யானையைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. மூக்கு நுனியிலிருந்து வால் வரைக்கும் பத்தொன்பது அடிக்குச் சற்று மேல். முன்பாதி ஜில்லா ஜட்ஜ் உட்காரத் தகுந்த சௌகரியத்தோடு கூடிய கார். பின்பாதி மூடியில்லாத தொட்டி. அந்தத் தொட்டியில் நான்கடி அகலப் பிளைவுட் பலகையைச் சக்கர மேட்டுக்கு நடுவே படுக்கப் போடலாம் என்பது இதன் விசேஷங்களுள் ஒன்று. 1925-இல் ஹென்றி ஃபோர்டு தமது டி மாடல் காரின் பின்னால் ஒரு சிறிய தொட்டியை வைத்து 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தார். 1948-இல் எஃப் வரிசை வண்டிகள் புறப்பட்டன. 1977 முதல் இன்று வரை இந்தத் தேசத்தில் வேறெந்தப் பிக்அப்பும் விற்பனையில் அதை முந்தியதில்லை. அவற்றைப் பூட்டி முடிக்கிற தொழிற்சாலைகளுள் ஒன்று என் வீட்டிலிருந்து வெகு தூரத்தில் இல்லாத டியர்பார்னில் இருக்கிறது. உயரத்தில் கட்டியிருக்கும் நடைபாதையில் நின்றுகொண்டு, கீழே கதவில்லாத வண்டிகள் ஊர்வலமாகப் போவதைப் பார்ப்பதற்கு டிக்கெட் போட்டு அனுமதிக்கிறார்கள். பாடி கட்டுகிற பட்டறைகளின் நடுவே வாழ்நாளைக் கழித்த தாங்கள் அங்கே ஒரு முறை நின்றால், இட்டிலி சாப்பிடக்கூட இறங்கி வர மாட்டீர்கள்.

இங்கே டாக்டர் பிக்அப்பில் வருகிறார். பள்ளிக்கூட உபாத்தியாயர் பிக்அப்பில் வருகிறார். எங்கள் ஆபீசில் நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிற கணக்கரும் பிக்அப்பில்தான் வருகிறார். தொட்டியில் பெரும்பாலும் காற்றுதான் பிரயாணம் செய்கிறது. குளிர்காலத்தில் பின்பாகம் கனமில்லாமல் பனியில் வழுக்குகிறது என்பதற்காக, மணல் மூட்டைகளை வாங்கித் தொட்டியில் போட்டுக்கொண்டு நான்கு மாதம் ஊரைச் சுற்றுகிறவர்களும் உண்டு. சுமையேற்றும் வண்டியை வாங்கி, அது ஓடவேண்டும் என்பதற்காகவே சுமையைக் காசு கொடுத்து வாங்கி ஏற்றுகிற இந்த ஏற்பாட்டைத் தாங்கள் நாமக்கல் லாரிப் பேட்டையில் யாரிடமும் சொல்ல வேண்டாம், நம்ப மாட்டார்கள்.

விலையைப் பற்றிச் சொல்லுமுன் கோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோழிக்கும் லாரிக்கும் ஏக காலத்தில் சம்பந்தமுள்ள ஊர் பூலோகத்தில் நாமக்கல் ஒன்றுதான் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி, மேற்கு ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் கொள்ளை மலிவாகப் போய் இறங்கிற்று. அவ்விடத்துக் கோழிப் பண்ணைக்காரர்கள் கூக்குரலிட்டார்கள். அந்தத் தேசத்துச் சர்க்கார்கள் அமெரிக்கக் கோழியின் மேல் வரியை உயர்த்தினார்கள். அதற்குப் பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன், உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்டிரின், பிராந்தி, சிறு லாரி ஆகிய நான்கின் மீதும் வரி விதித்தார். லாரிக்கு நூற்றுக்கு 25. காலக்கிரமத்தில் மாவும் பிராந்தியும் தப்பித்துக்கொண்டன. லாரி மட்டும் அன்று முதல் இன்று வரை அந்தக் கோழிக்காகக் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து தப்புவதற்காக 1978-இல் சுபாரு என்ற ஜப்பானியக் கம்பெனி, தன் சிறு பிக்அப்பின் திறந்த தொட்டிக்குள் பின்புறம் பார்த்தாற்போல இரண்டு நாற்காலிகளை வைத்து இறக்கி, ‘இது பிரயாணிகள் வாகனம், லாரியல்ல’ என்று சாதித்தது. பிற்காலத்தில் ஜனாதிபதியான ரேகன் தமது கலிபோர்னியாப் பண்ணையில் அப்படிப்பட்ட வண்டி ஒன்றை வைத்திருந்தார் என்பது பிரசித்தம். வெளிநாட்டிலிருந்து மலிவான சிறு லாரி வந்து இறங்க வழியில்லாமற் போனதால், புது வண்டி இன்று ஐம்பதினாயிரம் அறுபதினாயிரம் டாலருக்கு ஏறி நிற்கிறது. அதன் நிழலில் பழைய வண்டியும் கிராக்கி பண்ணுகிறது. வேறொரு தேசமாக இருந்தால் பேரீச்சம் பழத்துக்குப் போடக்கூடிய வயதில், எனக்கு வாய்த்த இந்த வாகனம் 6,500 டாலர் கேட்டது. பேசி 6,200-க்கு வந்திருக்கிறது. ரூபாயாக்கினால் ஐந்து லட்சத்துக்கு மேலே போகும். தயவு செய்து தாங்கள் ரூபாயாக்கிப் பார்க்க வேண்டாம். இந்த ஊரில் ரூபாயாக்கிப் பார்க்க ஆரம்பித்தவன் ஒரு கட்டுக் கொத்தமல்லி கூட வாங்க முடியாது.

எனக்கு இது எதற்கு என்று தாங்கள் கேட்பீர்கள். வீட்டின் பின்னால் கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. மே மாத மத்தியில் பனி விட்டதும் கத்திரி, வெண்டை, புடலை, சுரை என்று போட்டு, செப்டம்பர் வரைக்கும் விவசாயி என்று மார்தட்டிக்கொள்கிறேன். அதற்கு எரு வேண்டும். சென்ற வருஷம் குதிரைப் பண்ணை ஒன்றில் மக்கிய எருவை இனாமாகக் கொடுக்கிறார்கள் என்று அறிந்து, நம் காரின் டிக்கியில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மூட்டை மூட்டையாக ஏற்றி வந்தேன். எரு பூமிக்குப் போயிற்று. அதன் வாசனை காரிலேயே குடியிருந்தது. ஆடிவெள்ளிக்கிழமை, பட்டுப் புடைவை கட்டிக்கொண்டு பாண்டியாக் நகரத்துப் பராசக்தி கோயிலுக்குப் புறப்பட்ட தங்கள் குமாரத்தி, கதவைத் திறந்து, மூடி, உள்ளே போய், புடைவையை மாற்றிக்கொண்டு தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிட்டாள். அன்று அம்பாள் தரிசனம் எனக்கு வீட்டிலேயே கிடைத்தது.

அப்புறம் பரோபகாரம் ஒன்று இருக்கிறது. இங்கே நம்மவர்கள் வீடு மாறாத மாதமில்லை. கட்டில், பீரோ, மாவரைக்கிற கிரைண்டர், நவராத்திரிக் கொலுப்படி ஆகியவை ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டே இருக்கின்றன. பிக்அப் வைத்திருக்கும் கிரகஸ்தனுக்கு அந்த வட்டாரத்தில் உண்டாகிற செல்வாக்கு, நம் பக்கத்தில் டிராக்டர் வைத்திருப்பவருக்குக்கூட இராது. ‘அந்தச் செல்வாக்குதான் வேண்டாமென்கிறேன்; ஒவ்வொரு சனிக்கிழமையும் எவர் வீட்டுக் கட்டிலையோ தூக்கிவிட்டு வந்து எனக்கு முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்’ என்பது தங்கள் குமாரத்தியின் பக்ஷம்.

இனி ஆலோசனை சொன்னவர்கள். கோயில் மண்டபத்தில் புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்த நேரத்தில் இந்தப் பிரஸ்தாபத்தை எடுத்தேன். தட்டு காலியாவதற்குள் சபை கூடிவிட்டது. ஒருவர் ஜப்பானியப் பக்தர். வாங்கினால் டொயோட்டா வாங்கு, இல்லாவிட்டால் நடந்து போ என்பது அவருடைய சித்தாந்தம். லூசியானாவில் ஒருவர் 2007-ஆம் வருஷத்து டுண்ட்ரா வண்டியைப் பத்து லட்சம் மைல் ஓட்டினார் என்றும், 2016-இல் கம்பெனியே அதை வாங்கிக்கொண்டு அவருக்குப் புது வண்டி கொடுத்தது என்றும் பிரமாணம் காட்டினார். அது வாஸ்தவம்தான். ஆனால் லூசியானாவில் பனி இல்லை. சாலைக்கு உப்பும் இல்லை. உப்புப் பிரதேசத்தில், அதே கம்பெனியின் 1995 முதல் 2000 வரைக்குமான டகோமா வண்டிகளின் சேஸியே துருவில் இற்றுப்போய், 2008-இல் கம்பெனியார் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்து அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் சொன்னதும், பக்தர் புளியோதரையில் நிலக்கடலை குறைவு என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இன்னொருவர் கணித சிகாமணி. அந்த இடத்திலேயே போனில் கட்டம் போட்டு, வண்டி விலை, நூற்றுக்கு ஆறு விற்பனை வரி, இன்ஷூரன்ஸ், டயர், பெட்ரோல், மீதி ஆயுள் எல்லாவற்றையும் நிரப்பி, எருவைத் தங்கத் தட்டில் வைத்துத் தபாலில் வரவழைத்தால் இதைவிட மலிவாக இருக்கும் என்று நிரூபித்தார். அவருடைய கணக்கில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. கணக்கில் தவறில்லாதவர்கள் யாரும் பிக்அப் வாங்கியதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

உண்மையில் இந்த வட்டாரத்தில் வண்டிக்கு எமன் மைல் அல்ல, உப்பு. நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் பனி உறையாமலிருப்பதற்காகச் சாலையெங்கும் கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: மோட்டார் நகரம் என்று உலகமெல்லாம் கொண்டாடுகிற டெட்ராயிட்டின் அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. சாலைக்கு உப்பு அங்கிருந்தும் வருகிறது. மேலே வண்டி செய்கிறார்கள். கீழே அதைத் தின்பதற்கு உப்பு எடுக்கிறார்கள். இரண்டு தொழிலும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒன்றுக்கொன்று அநுசரணையாக நடந்து வருகின்றன. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள் நம் பெரியோர்; இங்கே வண்டிகள் அதைச் சிரமேற்கொண்டு நடக்கின்றன.

போதாக்குறைக்கு மிச்சிகன் ராஜ்யத்தில் எஃப்.சி. கிடையாது! தாங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசு வாசலில் வண்டிக்குப் புதுப் பெயிண்டும் ஒட்டுப் பட்டையும் போட்டுக்கொண்டு நின்ற நாட்களை எண்ணிப் பெருமூச்சு விடுவீர்கள். வருஷாந்தரப் பரிசோதனை என்று ஒரு சம்பிரதாயமே இல்லாததால், கதவைக் கயிற்றால் கட்டிய வண்டியும் நம் பக்கத்தில் எழுபது மைல் வேகத்தில் போகிறது. ஆகையால் நல்லது கெட்டது பார்த்து வாங்குகிற பாரம் முழுவதும் வாங்குகிறவன் தலையில். மீட்டரை நம்புவதிலும் சட்டம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. வண்டி கை மாறும்போது ஓடிய தூரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 2010-ஆம் வருஷ மாடல் வரைக்கும் உள்ள பழைய வண்டிகளுக்கு அந்தக் கட்டாயமில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற வித்தை நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல என்று அறிந்து எனக்கும் கொஞ்சம் ஆறுதல் உண்டாயிற்று.

வண்டியின் சொந்தக்காரர் லெனவீ கவுண்டியில் ஏட்ரியன் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறார். எழுபதைத் தாண்டிய மனிதர். தண்ணீருக்குப் போர் போடுகிற தொழில் செய்து ஓய்வு பெற்றவர். நான் போனதும், தாங்கள் பழக்கிவைத்தபடி, அவரோடு கைகுலுக்குவதற்கு முன்னால் போனட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்து, குளிர்ந்த எஞ்சினின் இருமலை மறைக்கிற சூழ்ச்சி அங்கே இல்லை. சாவியைத் திருப்பியதும் செல்ப் ஒரே சுற்றில் எடுத்தது. இரண்டு விநாடி ‘கிர்’ என்று சங்கிலி உராய்கிற சத்தம். ஆயில் ஏறியதும் அடங்கிவிட்டது. பின்னால் போய் நின்றேன். நீலப் புகை இல்லை. குளிர்காலத்துக்குரிய ஆவி மட்டும் வந்து, எஞ்சின் சூடானதும் மறைந்தது. ஆயில் மூடியின் அடியில் தண்ணீர் கலந்த வெள்ளை நுரை இல்லை. கியர் பாக்ஸ் ஆயில் சிவப்பாகவே இருந்தது. முகர்ந்து பார்த்தேன், கருகல் நாற்றம் இல்லை.

அப்புறம் பனி கரைந்த சேற்றில் அட்டையை விரித்து அடியில் படுத்தேன். வலது பக்கக் கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டில், பெயிண்ட் கொப்புளித்திருந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது நகக்கண்ணில் ஏலப்பொடி போலத் துரு. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மறைக்காமல், ஓட்டையை ஓட்டையாகவே வைத்திருந்த அந்த மனிதருடைய நாணயத்தை மெச்சுவதா, ஓட்டையைக் கண்டு பயப்படுவதா என்று படுத்தபடியே சிறிது நேரம் யோசித்தேன். ஆனால் நடுவிலுள்ள சேஸிச் சட்டம் கறுப்பாக, வழுவழுப்பாக, பிசுக்கோடு இருந்தது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பைக் கலந்து ஓர் எண்ணெய் விற்கிறார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதை அடியெங்கும் பீச்சியடித்துவிட்டால் உப்பு ஒட்டாது. நமக்குத் தீபாவளி எண்ணெய் ஸ்நானம் எப்படியோ அப்படி, கிட்டத்தட்ட அதே மாதத்தில், இவர் வருஷம் தவறாமல் வண்டிக்குச் செய்து வந்திருக்கிறார். கதவின் அடித்தகட்டில் தண்ணீர் வடிகிற துளை அடைத்துக்கொண்டதால் அங்கே மட்டும் எண்ணெய் உள்ளே போகவில்லை.

நான் எழுந்து சேற்றைத் தட்டிக்கொண்டபோது அவர் சூரிய ஒளி மறைக்கும் தட்டின் இடுக்கிலிருந்து ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். மாமா, தங்கள் டிரிப் நோட்டைத் தவிர அப்படி ஒரு சாசனத்தை நான் கண்டதில்லை. பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் தேதி, மைல், காலன். ஆயில் மாற்றிய இடத்தில் ஓர் அடிக்கோடு. எல்லாம் பென்சிலில், முத்து முத்தாக. 1,04,000 மைலுக்கு நேராக ‘எட்டும் முழுசாக வந்தன’ என்று எழுதி ஆச்சரியக்குறி போட்டிருந்தார். இதன் தாற்பரியம் தங்களுக்குப் புரிய வேண்டும். 2004 முதல் 2008 வரைக்கும் வந்த 5.4 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின்களில், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது அதன் கீழ்ப்பாதி முறிந்து ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடுவது பிரசித்தமான உபத்திரவம். மெக்கானிக்குகள் அதை எடுப்பதற்கென்றே தனி ஆயுதம் செய்து வைத்திருக்கிறார்கள். லட்சம் மைலுக்கு மாற்ற வேண்டிய பிளக். ஆகவே தொண்ணூறாயிரம் மைல் ஓடிய ‘இளைய’ வண்டியை வாங்குகிறவனுக்கு அந்தக் கண்டம் இனிமேல்தான். 2,12,000 மைல் ஓடியது அதைத் தாண்டி வந்துவிட்டது. தண்ணீர்ப் பம்பு, ரேடியேட்டர், முன் சக்கரத்துப் பால் ஜாயிண்ட், பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கி ஆகிய எல்லாம் ஒவ்வொரு பக்கத்தில் புதிதாகி இருக்கின்றன. ஓடிய தூரம் அதிகமென்று ஜனங்கள் பயப்படுகிறார்களே, உடைய வேண்டியவை உடைந்து, மாற்ற வேண்டியவை மாறி, கணக்கும் எழுதப்பட்டிருக்கிற வண்டியை நான் பயப்படாமல் பார்த்தது இந்த நோட்டுப் புத்தகத்துக்கு அப்புறம்தான்.

பேச்சுவாக்கில், எங்கள் ஜில்லாவில் திருச்செங்கோடு என்று ஓர் ஊர் உண்டு, தேசம் முழுவதும் போர் போடுகிற லாரிகள் அங்கிருந்துதான் போகின்றன என்றேன். கிழவர் கண்ணை அகல விழித்தார். பாறையா மண்ணா, எத்தனை அடியில் தண்ணீர், சுத்தியல் எந்த மாதிரி என்று கேள்வி மேல் கேள்வி. கருங்கல்லைக் குடைந்து ஆயிரம் அடிக்குக் கீழேயும் போகிறார்கள் என்றதும் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டார். முந்நூறு டாலர் குறைந்தது அந்த நிமிஷத்தில்தான். பேரத்துக்காக நான் பிரயோகித்த ராஜதந்திரங்களில் ஒன்றுக்கும் அவர் அசைந்திருக்கவில்லை.

டியர்பார்னில் லெபனான் தேசத்தவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே ஓட்டிக்கொண்டு போய் வண்டியைத் தூக்கி நிறுத்தச் செய்தேன். அவர் ஒரு சிறு சுத்தியலால் சேஸியை முன்னிருந்து பின்வரைக்கும் தட்டிக்கொண்டே போனார். ‘டங், டங்’ என்று கேட்டது. பின் பம்பருக்கு அருகே ஓரிடத்தில் மட்டும் ‘டொப்’ என்றது. அங்கே தட்டுவதை நிறுத்தி, விளக்கைப் பிடித்துப் பார்த்து, பம்பர் தாங்கிதான், சேஸி அல்ல என்றார். பிரேக் எண்ணெய் போகிற இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுச் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்குச் சில நூறு டாலர். ஓட்டையான தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்து டிங்கரிங் செய்ய அதற்கு மேலும் ஆகும். அதை இந்த வருஷமே செய்யாவிட்டாலும் வண்டி நிற்காது என்றார்.

இப்படி எஞ்சினும் சேஸியும் நோட்டுப் புத்தகமும் என் பக்ஷத்தில் சாட்சி சொல்ல, எதிர்த்தரப்பில் தங்கள் குமாரத்தி ஒருத்தியே நிற்கிறாள். அவளுடைய ஆட்சேபணைகளை நியாயமாகவே தெரிவிக்கிறேன். இந்த வண்டி ஊருக்குள் காலனுக்குப் பதின்மூன்று பதினான்கு மைல்தான் கொடுக்கும். அதாவது லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. பலகை விற்கிற கடைக்காரர்களே மணிக் கணக்கில் பிக்அப் வாடகைக்கு விடுகிறார்கள். வருஷத்தில் சில நாள் எருவுக்காக வண்டி கட்டி வைப்பானேன் என்கிறாள். கராஜின் உள்நீளத்தை டேப் வைத்து அளந்தாள், இருபது அடி. வண்டி உள்ளே வர வேண்டுமானால் அங்கேயிருக்கும் ஃப்ரீஸர் பெட்டி வெளியே போக வேண்டும். அதில்தான் வருஷம் முழுவதற்குமான துருவின தேங்காயும் முருங்கைக்காய்த் துண்டும் இருக்கின்றன. வண்டியா தேங்காய்ச் சட்டினியா என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். இவையெல்லாம் கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடைசியாக அவள் சொன்னதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை: ‘பிறந்தது முதல் டீசல் நாற்றத்திலும், டயர் வெடித்தது, டிரைவர் வரவில்லை என்கிற பேச்சிலும் வளர்ந்தேன். வாசலில் லாரி நிற்காத வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் கம்ப்யூட்டர்க்காரரைக் கட்டிக்கொண்டேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்தும் அப்பாவின் வண்டி என் வாசலுக்கு வருமா?’

மாமா, இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? சொல்லக் கூடியவர் தாங்கள் ஒருவரே. என் அபிப்பிராயம் ஸ்பஷ்டமானது: 6,200 டாலருக்கும், பிரேக் குழாய்ச் செலவுக்கும் சேர்த்து, இது வாங்கத் தகுந்த வண்டி. மூன்று நான்கு குளிர்காலம் ஓடினால் போட்ட பணத்துக்குக் குறைவில்லை. ஓட்டை விழுந்தது தகடே தவிர சேஸி அல்ல. ஆனால் தங்களைக் கேட்காமல் நம் குடும்பத்தில் யாரும் நான்கு சக்கரத்தில் கை வைத்ததில்லையாதலால், தாங்கள் இந்த விவரங்களை நன்கு பரிசீலித்து, தங்களுக்கும் சரியென்று பட்டால் மட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் தாங்களாகவே பேச்செடுப்பது போல, ‘மாப்பிள்ளைக்கு ஒரு சிறு பிக்அப் இருந்தால் சௌகரியமாக இருக்குமே’ என்று குமாரத்தியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சொல்லிவிட வேண்டாம். அவள் தங்கள் மகளல்லவா, உடனே கண்டுபிடித்துவிடுவாள். முதலில் பெட்ரோல் அதிகம் குடிக்குமே என்று தாங்களே ஓர் ஆட்சேபணை சொல்லிவிட்டு, பிறகு மெதுவாக இறங்கி வரவும். கராஜ் விஷயத்தைத் தொடவே வேண்டாம். சரியில்லையென்று தோன்றினால் எனக்கே தனியாக ஒரு வரி எழுதிவிடவும், விட்டுவிடுகிறேன்.

இந்தக் கடிதம் வந்த சமாசாரம் அத்தைக்கும் தெரிய வேண்டாம். ஏட்ரியன் கிழவர் முன்பணம் வாங்காமலே அடுத்த மாதக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
மாப்பிள்ளை